நாகேஷ் வெறும் சிரிப்பு நடிகரா?

31 ஜனவரி 2025

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் மருமகன் இன்று பின்னேரம் கேட்டதை அப்படியே போடுகிறேன்.

"மாமா, நாகேஷ் எண்டால் ஓடி, விழுந்து, எழும்பிச் சிரிப்புக் காட்டுற ஆள்தானே. அழுகிற வேஷம் ரெண்டு மூண்டு கிடைச்சது பாலசந்தர் போட்ட பிச்சை. நீங்கள் எப்பிடி அவரைக் கொண்டுபோய்ச் சிவாஜிக்குப் பக்கத்தில வைக்கிறீங்கள்?"

பிச்சை என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நாகேஷ் கண்ணை மூடி இன்றோடு 16 வருஷம். இந்த நாளில் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது.

தம்பி, முதலில் வருஷங்களைப் பார். 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. அதில் நாகேஷின் ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவைச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே வருஷம் 'சர்வர் சுந்தரம்'. கதை பாலசந்தருடையது, படத்தை இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. பாலசந்தர் தானே இயக்கிய முதல் படம் 'நீர்க்குமிழி', 1965. ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிற கதை. பெரிய கதாநாயகன் இல்லை, வெளியூர்க் காட்சி இல்லை. புதிய இயக்குநர் ஒருவர் அப்படி ஒரு படத்துக்குத் துணிந்து இறங்கினார் என்றால் நடுவில் நாகேஷ் இருந்தார் என்பதுதான் காரணம். அப்படியிருக்க, கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்?

அந்த 1965இலேயே 'திருவிளையாடல்' தருமி. நீர்க்குமிழியில், தனக்குப் புற்றுநோய் என்று தெரியாமல் வார்ட் முழுக்கக் குறும்பு செய்துகொண்டு திரிகிற அநாதை சேது. அங்கே பாண்டியனின் பொற்காசுக்காக ஏங்கிப் புலம்புகிற ஏழைப் புலவன். ஒரே வருஷம், ஒரே ஆள்.

படங்களைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.


1 பெப்ரவரி

நேற்று எழுதியதை விடிய வாசித்தேன். பாலசந்தரைக் குறைத்துச் சொன்ன மாதிரிக் கிடக்கிறது. அது சரியில்லை. இரண்டு பேரும் பகலில் கந்தோருக்குப் போய், பின்னேரம் நாடகம் போட்டவர்கள். அவர் கணக்காய்வு அலுவலகத்தில், இவர் ரயில்வேயில். ஒருவருடைய எழுத்து மற்றவருடைய உடம்பைத் தெரிந்துகொண்டு எழுதப்பட்டது. இதில் கொடுக்கல் வாங்கல் கணக்குப் பார்க்க வெளிக்கிட்டது என் பிழை.


3 பெப்ரவரி

'சர்வர் சுந்தரம்' பார்த்து முடித்தேன். எத்தனையாவது தரம் என்று எண்ணிக்கை இல்லை. இந்தப் படத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

எங்கள் ஊர் மூதூர்ப் பக்கம். அப்பா திருகோணமலை ரவுணில் ஒரு சைவக்கடையில் மேசை பார்த்தவர். கடையின் பெயர் வேண்டாம். ஞாயிறு பின்னேரம் லோஞ்சில் போவார், அடுத்த சனி இரவு வருவார். கடலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். எவ்வளவு குளித்தாலும் அவரில் வடை பொரித்த எண்ணெய் மணக்கும். வரும்போது வாழையிலையில் சுற்றிய உழுந்துவடை நாலு இருக்கும். நாங்கள் ஐந்து பேர். அம்மா தனக்கு வேண்டாம் என்பா.

ஊரில் அப்போது கரண்ட் இல்லை. யாருடைய வீட்டிலாவது கலியாணம், சாமத்தியம் என்றால் டெக்கும் ரிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றரை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்து, ஒரே இரவில் மூன்று படம் ஓடும். அப்படி ஒரு இரவில் மூன்றாவது படமாக வந்தது சர்வர் சுந்தரம். முதல் இரண்டும் கலர். இது கறுப்பு வெள்ளை என்றதும் பெடியள் எழும்பிப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் முன்னுக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்தார்.

டபராக்களை அடுக்கிக்கொண்டு நாகேஷ் வருகிற காட்சிக்கு எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "கையைப் பார்" என்றார். "முழங்கை உடம்போட ஒட்டியிருக்கு. வேலை தெரிஞ்சவன் அப்பிடித்தான் தூக்குவான். தெரியாதவன் கையை அகட்டித் தூக்குவான், ரெண்டாம் மேசையிலேயே கொட்டும்." இந்த வேலை பழகாத ஒருவர் அந்த முழங்கையை எங்கே கண்டுபிடித்தார் என்பதுதான் அப்பாவுக்குப் பெரிய கேள்வி.

சுந்தரம் பெரிய நடிகனாகிறான். அவன் விரும்பிய ராதாவின் மனம் நண்பன் ராகவனிடம் இருக்கிறது. தாய் சாகும்போது அவனால் பக்கத்தில் இருக்க முடியவில்லை. கடைசியில் திரும்பவும் சர்வர் வேலைக்கே வருகிறான். அந்த முடிவைப் படித்தவர்கள் நம்புவதில்லை. இவ்வளவு காசும் புகழும் வந்தவன் திரும்பி வருவானா என்று கேட்பார்கள். அப்பா நம்பினார். கடையில் ஒரு முறை அவரை உயர்த்திப் பட்டறையில் காசு வாங்க இருத்தினார்களாம். மூன்று நாளில் தானே எழும்பி வந்துவிட்டார். "நிண்டு பழகினவனுக்கு இருந்தால் கால் உழையும்" என்றார். சுந்தரம் திரும்பி வருவதும் அவருக்கு அப்படித்தான் பட்டிருக்க வேண்டும்.

நாகேஷின் எல்லாப் படங்களையும் நான் இந்தப் படத்தின் வாசலால்தான் பார்க்கிறேன். அது என் குறையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிவது இதுதான்: அவர் ஏற்ற நல்ல பாத்திரம் எதை எடுத்தாலும், அவன் வேறொருவர் வீட்டு வாசலில் நிற்பவன். அடுத்த வேளைச் சாப்பாடு யாரோ ஒருவருடைய மனதைப் பொறுத்தது. நாகேஷின் உடம்பு ஏன் அவ்வளவு விரைவாக அசைகிறது என்று கேட்டால், எந்த நேரமும் வெளியே போ என்று சொல்லப்படக்கூடியவனின் உடம்பு அது. அவனால் ஓர் இடத்தில் ஆறுதலாக நிற்க முடியாது.


4 பெப்ரவரி

மருமகனின் பதில்: "செல்லப்பா பணக்கார வீட்டுப் பிள்ளை மாமா. அவர் எங்க வாசல்ல நிண்டவர்?"

நல்ல கேள்வி. யோசிக்கிறேன்.


6 பெப்ரவரி

யோசித்தேன். செல்லப்பாவுக்கு வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, சொந்தமாக ஒரு சதம் இல்லை. படம் எடுக்கக் காசு தகப்பனிடம் இருக்கிறது. அந்தப் பேய்க் கதை சொல்கிற காட்சியைத் திரும்பப் போட்டுப் பார். எல்லோரும் அதை இரண்டு சிரிப்பு நடிகர்களின் போட்டி என்பார்கள். தகப்பனாக வரும் டி.எஸ். பாலையாவின் முகம் வெளிறிப் போவதைப் பார்த்து நானும் வயிறு நோகச் சிரித்தவன்தான். ஆனால் நாகேஷின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிரு. கதை சொல்லும்போதே தகப்பனின் முகத்தை அளந்துகொண்டிருக்கிறார். பிடித்திருக்கிறதா, காசு வருமா? ஒரு மகன் தகப்பனிடம் காசு கேட்கிற காட்சிதான் அது. கதவைத் திறந்து மூடுகிற சத்தத்தைக்கூட வாயாலேயே போட்டுக் காட்டுகிறான், ஏனென்றால் கையில் வேறு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் என் கருத்துக்குள் இழுத்து அடைக்கிறேனோ என்ற பயமும் இருக்கிறது. இருக்கட்டும், எழுதிப் பார்ப்போம்.


7 பெப்ரவரி

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு ஐயா எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். நாகேஷின் கையும் காலும் அமெரிக்கச் சிரிப்பு நடிகர் ஜெரி லூயிஸைப் பார்த்துப் பழகியவை என்கிறார்.

ஓம் ஐயா, அந்தச் சாயல் இருக்கிறது. 60களின் பாட்டுக் காட்சிகளில் வெளிப்படையாகவே தெரியும். அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் ரயில்வேக்காரர் நாடகம் ஒன்றில் எம்.ஜி.ஆர் முன்னால் நாகேஷ் பெயர் வாங்கியது வயிற்றுவலிக்காரன் வேஷத்தில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிற ஒரு மனுஷனைக் காட்டித்தான் முதல் கைதட்டு வாங்கினார். அதை அவர் எந்த வெள்ளைக்காரனிடமும் படித்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்று. அந்த முகம். அம்மைத் தழும்பு நிறைந்த முகம். உலகத்தில் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது 1980இல். அதற்கு முந்தின தலைமுறையில் எங்கள் ஊரிலும் அப்படி முகங்கள் இருந்தன. என் பெரியம்மாவுக்கு இருந்தது. கலியாணப் படம் எடுக்கும்போது கடைசி வரிசைக்குப் போய்விடுவா. மழமழவென்று பவுடர் போட்ட முகங்களே திரையை நிறைத்த காலத்தில் நாகேஷ் அந்த முகத்தோடு கிட்டக் காட்சிகளில் நின்றார், கலர் படத்திலும் நின்றார். பெரியம்மா அவர் படம் என்றால் விடமாட்டா. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.


12 பெப்ரவரி

'மேஜர் சந்திரகாந்த்', 1966. நாகேஷ் தையற்காரர் மோகன். தங்கையாக ஜெயலலிதா. தங்கையை ஏமாற்றி அவள் சாவுக்குக் காரணமானவனைக் கொன்றுவிட்டு, ஓடிவந்து ஒளிக்கிற வீடு, செத்தவனுடைய தகப்பன் வீடு. தகப்பன் கண் தெரியாத ஓய்வுபெற்ற மேஜர். (அந்தச் செத்தவனின் பெயர் ரஜினிகாந்த். அந்தப் பெயரைத்தான் பிறகு பாலசந்தர் சிவாஜி ராவுக்கு வைத்தார்.)

இங்கே நான் கவனித்தது குரல். எதிரில் இருப்பவருக்குக் கண் தெரியாது. முகத்தைச் சுழித்து, காலை உதறி, விழுந்து எழும்பி அவரிடம் ஒன்றும் வாங்க முடியாது. குரலால் மட்டும்தான் அவர் நம்பிக்கையைப் பெற வேண்டும். மேஜர் சுந்தரராஜன் நிமிர்ந்து கணீரென்று கதைக்க, நாகேஷ் அடங்கிக் கதைக்கிறார். இந்தப் படத்தில் அவரை உடம்பு நடிகர் என்று யார் சொல்ல முடியும்?

3ஆம் திகதி எழுதியதில் உடம்பு உடம்பு என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மைதான் அது.


13 பெப்ரவரி

'யாருக்காக அழுதான்', 1966. ஜெயகாந்தன் தன் கதையைத் தானே இயக்கிய படம். திருட்டுப் பழி சுமத்தப்படுகிற, வாய் திறக்காத வேலைக்காரன் ஜோசப் நாகேஷ். இந்த நாகேஷைத் தெரியாதவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை, படத்தைத் தேடிப் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். பழி விழுந்த வேலைக்காரன் எப்படி நிற்பான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் ஒரு முறை அது நடந்தது. கணக்கில் குறைந்த காசு பிறகு கணக்கிலேயே கிடைத்தது. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வாரம் லோஞ்சால் இறங்கி வந்தவர் வடைப் பொதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனார்.


27 பெப்ரவரி, விடிய

நேற்றுச் சிவராத்திரி. கோணேசர் கோயிலில் இரண்டாம் சாமம் வரை இருந்தேன். சனம் கோட்டை வாசலில் இருந்து மேலே வரை. மான்கள் சனத்துக்குப் பயந்து புல்லில் ஒதுங்கி நின்றன. பிறகு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, கண் விழிக்க 'திருவிளையாடல்' போட்டோம். எத்தனையோ வருஷ வழக்கம்.

எனக்குத் தருமி முதலில் குரலாகத்தான் வந்தார். ஊர்க் கோயில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அந்தப் படத்தின் கதை வசனம் ஓடும். பற்றறியில் ஓடிய கசற், இழுபட்டு இழுபட்டு வரும். எனக்கு எட்டு வயதிருக்கும். படத்தைப் பார்த்ததே இல்லை, ஆனால் தருமியின் புலம்பல் முழுக்கப் பாடம். வயிற்றில் இருந்து எழும்பி மூக்கில் போய் முடிகிற அந்த இழுவை, பிறகு கேள்விக்கு மேல் கேள்வியாக அடுக்குகிற வேகம். நான் மனதில் நினைத்திருந்த தருமி கிழவன், தாடி வைத்தவன், எங்கள் ஊர்க் கோயில் வாசலில் இருந்த ஒரு பெரியவரைப் போன்றவன். பிறகு ரிவியில் நாகேஷைப் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு இளமையா? ஐந்து நிமிஷத்தில் அந்த ஏமாற்றம் போய்விட்டது.

நேற்று இரவு கவனித்தது: அவருக்கு எதிரில் நிற்பவர் சிவாஜி. கடவுள் வேஷம். நிமிர்ந்த நெஞ்சு, கணீர்க் குரல். அதற்கு மேலே குரலை எடுத்து யாராலும் வெல்ல முடியாது. நாகேஷ் அதை முயலவில்லை. கீழே போனார். குனிந்து, ஒடுங்கி, சந்தேகப்பட்டு, பாட்டை வாங்கும்போதும் இது உண்மையா என்று ஒரு பார்வை. கடவுளை நம்பாத புலவனாக அவர் நிற்கவில்லை. தனக்கு நல்லது நடக்கும் என்பதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை. சபையில் நக்கீரர் குற்றம் சொன்ன பிறகு வெறுங்கையோடு திரும்புகிற நடையில் அது தெரியும்: எனக்குத் தெரியும், இப்படித்தான் முடியும் என்று. (நக்கீரராக நடித்தவர் படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜன்.)

மருமகனே, சிவாஜிக்குப் பக்கத்தில் எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டாய். வைத்தது நான் இல்லை. ஏ.பி. நாகராஜன் 1965இலேயே வைத்துவிட்டார்.


2 மார்ச்

கிண்ணியாவில் இருந்து ஒரு நானா எழுதியிருக்கிறார்: "அண்ணன், வில்லனா நடிச்ச நாகேஷை ஏன் விட்டீங்க? அபூர்வ சகோதரர்கள்ல அவர் யார்ர வாசல்ல நிண்டார்?"

அதைத்தான் தள்ளிக்கொண்டு வந்தேன் நானா. சரி, பார்க்கிறேன். 1989க்கு முன் அவர் வில்லனாக வந்ததில்லை என்று நினைக்கிறேன்.


3 மார்ச்

பிழை. நேற்று எழுதியது முழுப் பிழை. 1968, 'தில்லானா மோகனாம்பாள்', சவடால் வைத்தி. ஒரு பெண்ணைப் பணக்காரனுக்குக் காட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவனை வில்லன் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? சிங்கபுரம் மைனர், பிறகு மதன்பூர் மகாராஜா என்று ஒரு பெரிய வீட்டில் இருந்து இன்னொரு பெரிய வீட்டுக்குத் தாவுகிறவன். நாங்கள் சிரித்துச் சிரித்தே அவனை மன்னித்துவிட்டோம். அதனால்தான் எனக்கு வில்லன் என்று நினைவு வரவில்லை.

தருமியும் வைத்தியும் ஒரே ஆள்தான் என்று இப்போது படுகிறது. இரண்டு பேரும் பெரிய மனிதரின் கையைப் பார்த்துப் பிழைப்பவர்கள். ஒருவன் பாட்டைக் கொண்டுபோய் நிற்கிறான், மற்றவன் அடுத்த வீட்டுப் பெண்ணின் வாழ்வைக் கொண்டுபோய் நிற்கிறான். அந்தக் குழைவு, அந்த இளிப்பு, துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிற அவசரம் இரண்டிலும் ஒன்று. பசி ஒருவனைப் பாவமாக்குகிறது, இன்னொருவனைக் கேவலமாக்குகிறது. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதையில் வைத்தி ஏற்கனவே இருந்தான், ஆனால் என் கண்ணில் அவனுக்கு வேறு முகம் கிடையாது.


9 மார்ச்

'அபூர்வ சகோதரர்கள்'. நானா சொன்னது சரி.

நாகேஷின் தர்மராஜ் யாருடைய வாசலிலும் நிற்கவில்லை. காசு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், பயம் இல்லை. டெல்லி கணேஷ், நாசர், ஜெய்சங்கர் என்று மற்ற மூன்று வில்லன்களும் இருந்தும், நடு ஆள் அவர்தான். பெப்ரவரி 3ஆம் திகதி நான் கட்டிய வீடு இந்த இடத்தில் இடிகிறது. இடிந்த இடத்தில் ஒன்று பார்த்தேன்: அவர் உடம்பு நின்றுவிட்டது. 60களில் ஒரு வினாடி சும்மா நிற்காத அந்தக் கைகள் அசையவில்லை. மெதுவாகத் திரும்புகிறார், மெதுவாகச் சிரிக்கிறார். ஓடவேண்டிய தேவை இல்லாதவன் ஓடவில்லை. அந்த ஓட்டம் எல்லாம் அவருடைய இயல்பு என்று நாங்கள் நினைத்தோம். அவர் பாத்திரத்துக்குப் பாத்திரம் எண்ணிக் கொடுத்திருக்கிறார். பார்த்த பிறகு இரவு நித்திரை வரவில்லை. ஒரு நடிகரை நாற்பது வருஷமாகப் பார்த்துவிட்டு இதை இப்போதுதான் காண்கிறேன்.

அடுத்த வருஷமே 'மைக்கேல் மதன காமராஜன்' அவிநாசி. முதலாளியின் காசைச் சுருட்டிவிட்டு, பிடிபடுவோமோ என்று வேர்த்துக்கொண்டிருக்கிறவர். ஓட்டம் திரும்பி வந்துவிட்டது! வயது ஐம்பத்தேழு. 1933இல் பிறந்தவர்.


10 மார்ச்

நானாவின் பதில் சுருக்கம்: "அப்ப மகளிர் மட்டும்?"

1994. பிணம். மூன்று பெண்கள் தூக்கி அலைகிற செத்த உடல். ஒரு சொல் இல்லை, கண் திறப்பதில்லை, மூச்சு விடுவது தெரியக்கூடாது. சிரிப்பு அத்தனையும் அவரில் இருந்து வருகிறது. சும்மா விட்ட கை எப்படித் தொங்கும், தலை எந்தப் பக்கம் சரியும் என்று கணக்குப் பார்த்து நடித்த பிணம் அது. செத்த பிறகும் தூக்க யாரோ வேண்டும். இதையும் என் கருத்துக்குள் இழுக்கிறேனே என்று கோபிக்க வேண்டாம்.

அதே 1994இல் 'நம்மவர்'. மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். தேசிய விருது, துணை நடிகருக்கானது, அதற்குத்தான் கிடைத்தது. பத்ம விருது ஒன்றும் கடைசிவரை இல்லை. இதை எழுதும்போதே மனம் எரிகிறது. அந்தப் படத்தில் மகளின் சாவுக்குப் பிறகு அவர் கதைக்கிற இடத்தைப் பார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று பிரிக்க முடியாமல் போகும். சிரிப்பு நடிகர் வேறு, அழுகை நடிகர் வேறு என்று பிரித்து வைத்தவர்கள் அந்தக் காட்சியை எந்தப் பெட்டிக்குள் போடுவார்கள்? மருமகன் இதை இன்னும் பார்க்கவில்லை. தனியாகப் பார், வீட்டில் ஆட்கள் இருக்கும்போது பார்க்காதே.


16 மார்ச்

'எதிர்நீச்சல்', 1968. மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் மாது. வீட்டுக்கு வீடு எடுபிடி வேலை செய்து, முறை வைத்துச் சாப்பிட்டு, படிக்கிற அநாதை. பெப்ரவரி 3ஆம் திகதி நான் சொன்னதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. ஆனால் திரும்பப் பார்க்கும்போது சில இடங்களில் பாலசந்தரின் வசனம் நாகேஷை மூடுகிறது. ஒரு பார்வையில் முடிகிற இடத்தில் நாலு வரி வருகிறது. நாடகமாக இருந்தது படமானதன் சுமை. பட்டு மாமியாக சௌகார் ஜானகி வரும் காட்சிகளில் அந்தச் சுமை இல்லை.


23 மார்ச்

நானா நேற்று நேரில் வந்தார். இப்போது கிண்ணியாவில் இருந்து வர அரை மணித்தியாலம் போதும், பாலம் 2009இல் திறந்தபிறகு துறையில் நிற்கிற வேலை இல்லை. வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு 'தசாவதாரம்' கதைத்தோம். 2008. நாகேஷ் உயிரோடு இருக்கும்போது வந்த கடைசிப் பெரிய படம். வயதான முஸ்லிம் பெரியவர். மனைவியாக கே.ஆர். விஜயா.

நான் சொன்னேன்: "நானா, அது ராதா. 1964இல சுந்தரத்துக்குக் கிடைக்காத ராதா. நாற்பத்திநாலு வருஷம் கழிச்சு ஒரே வீட்டில ரெண்டு பேரும் புருஷன் பெஞ்சாதி." 

நானா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படம் சுனாமியில் முடிகிறது. கிண்ணியாவில் 2004 டிசம்பர் 26 என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியையே அள்ளிக்கொண்டு போன கடல். அவர் வீட்டில் இரண்டு பேர். "கடசியக் காட்சிய நான் பாக்கல்ல அண்ணன்" என்றார். "தியேட்டர்ல இருந்து எழும்பி வந்துட்டன். ஆனா அந்த வாப்பாவ மறக்க ஏலா. எங்கட வாப்பா அப்பிடித்தான் தலைய ஆட்டுவாரு."

சின்ன வேஷம். சில நிமிஷங்கள். படத்தில் ஒருவர் பத்து வேஷம் போட்டு நடிக்கிறார், நானாவுக்கு நினைவில் நிற்பது நாகேஷின் தலையாட்டல்.

அந்த ஞாயிறு அப்பா ஊருக்கு வராமல் கடையில் இருந்தார். கடற்கரைப் பக்கம் சனம் ஓடி வர, கதவைப் பூட்டாமல் எல்லோருக்கும் இருந்த இடியப்பத்தையும் சம்பலையும் எடுத்துக் கொடுத்தார்களாம். முதலாளி வந்து ஏதும் சொல்வாரோ என்று பயந்துகொண்டே கொடுத்தோம் என்றார். அப்பா போய் ஆறு வருஷம்.


30 மார்ச்

மருமகன் சர்வர் சுந்தரம் பார்த்துவிட்டான். பிச்சை என்று சொன்னதைத் திரும்ப எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறான். முடிவு மட்டும் இன்னும் நம்பிக்கை தரவில்லையாம். சரி, அதில் நானும் அப்பாவும் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

கீழே ஒரு வரி: "மாமா, தாத்தா எத்தினை கோப்பை ஒரே தரம் தூக்குவார்?"

ஒரு கையில் ஏழு. வெறும் கோப்பை இல்லை, தேத்தண்ணியோடு. ஞாயிற்றுக்கிழமை வா, அம்மா இன்னும் அந்தப் பழைய கோப்பைகளை வைத்திருக்கிறா. முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுகிறேன்.